நிலைமை சரியாகும் வரை: அருளப்பன் சார் நினைவாக

அருளப்பன் சார் இறந்துபோன செய்தி எனக்கு அண்டி ஆபீசில் வைத்துத்தான் வந்தது. முந்திரிக்கொட்டை உடைத்துத் தோல் நீக்கும் கம்பெனிகளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வேலை நேரத்தில் போன்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிக்குள்ளிருந்து என் போன் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்ததால், சூப்பர்வைசர் அக்கா அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அம்மாதான் அழைத்திருந்தார்.

"ஏட்டி, சார் போயிட்டாரு. சாயா குடிச்சிட்டு இருந்தவரு, அந்தக் கசேரியிலயே சாஞ்சிட்டாரு. நீ வாறியா?"

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வாத்தியார்கள் பலர் உண்டு. வெறுமனே சார் என்றால் அவர் ஒருவர்தான். அக்காவிடம் லீவு கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையிலிருந்த பருப்பை முறத்தில் வைத்துவிட்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு, சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

"பிறவு?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். "சரி, போ" என்று அனுப்பிவிட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஊர் நூலகத்தார் ஒரு சிறிய நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். சாரிடம் கல்லூரியில் படித்தவர்கள் பலர் அதில் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட நான் அவரிடம் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. ஆனாலும் போன வருடம் நடந்த காரியத்தை எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அப்பாவுக்கு எழுத்து வராது, அம்மாவுக்குப் பொறுமை வராது. ஆகவே நான் எழுதுகிறேன்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இனயம் பக்கத்தில், கடப்புறம் என்று நாங்கள் சொல்லும் கடற்கரையில், ஒரு கட்டுமரக்காரரின் மகனாகப் பிறந்தவர் அவர். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் அரசியல் அறிவியல் நடத்தினார். போரும் அவசரநிலையும் வரும்போது அரசாங்கம் என்ன செய்கிறது, சட்டம் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் படித்த விஷயம். ஓய்வு பெற்றபின் டவுனில் தங்காமல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். ஊரில் அவருடைய படிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சார்ட்ட மணி என்னாச்சுண்ணு கேட்டா, யாருக்க வாச்சுப்படி கேக்கியண்ணு கேப்பாரு" என்று மீன் ஏலம் போடுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை சாயாக்கடையில் நடந்ததை நானே பார்த்தேன். பால் வாங்கப் போயிருந்தேன். யாரோ ஒருவர், "எமர்ஜென்சி காலத்தில ட்ரெயின் எல்லாம் டான்னு நேரத்துக்கு வந்துது, இல்லியா சார்?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் சார் கல்லூரி மாணவர். கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "வந்துது. எனக்க ரூம்ல இருந்த பயல போலீசு அந்த ட்ரெயின்லதான் கொண்டு போச்சு. அதுவும் நேரத்துக்குத்தான் பொறப்பட்டுது" என்றார். கேட்டவரே பிறகு சாருக்கு இன்னொரு சாயா சொன்னார்.

போன வருடம் வளைகுடாவில் சண்டை தொடங்கியது. எங்கள் ஊரில் பல வீடுகளின் ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் அங்கேயும் மீன்பிடிக்கத்தான் போகிறார்கள். அரபி முதலாளி கொடுக்கும் விசாவில் போய், பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, லாஞ்சு என்னும் அவருடைய விசைப்படகில் கடலில் கிடப்பார்கள். என் அப்பா சூசையும் அப்படிப் போனவர்தான். சண்டை தொடங்கிய அன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தலைக்கு மேல என்னெல்லாமோ போவுது. திருவிழாவுக்கு வாணம் விடுத மாதிரி இருக்கு. பேடிக்காண்டாம்" என்றார். எங்களைப் பயப்பட வேண்டாம் என்று சொன்ன அந்தக் குரலில்தான் பயம் இருந்தது.

எங்கள் ஊரில் கோயில் மணியை, அதாவது தேவாலய மணியை, விடாமல் அடித்தால் அது அவசர மணி. வள்ளம் கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ பக்கத்து ஊரோடு சண்டை வந்தாலோ அடிப்பார்கள். கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கோயில் முற்றத்துக்கு ஓடி வர வேண்டும். அங்கேயே ஊர்க்கூட்டம் கூடிவிடும். கூட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆண் உட்காருவார். அவர் தூக்கும் கைதான் அந்த வீட்டின் ஓட்டு. ஆண் வெளிநாட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு ஓட்டு கிடையாது. இது எங்கள் தாத்தாக்கள் காலத்துப் பழக்கம். அதனால், வளைகுடாச் சண்டையைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில், வளைகுடாவில் ஆள் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு மட்டும் ஓட்டு இல்லை. அன்று அதை யாரும் கவனிக்கவில்லை. சாரும் கவனிக்கவில்லை. அம்மாவும் நானும் மற்றப் பெண்களோடு, சிலுவை நட்ட குருசடியின் ஓரமாக நின்றிருந்தோம்.

அதற்குள் ஒரு சிக்கல் வந்திருந்தது. ஒரு லாஞ்சிலிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அழுதுகொண்டே வீடியோ அனுப்ப, அதை ஒரு டிவி சேனல்காரர்கள் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த அரபி எல்லாருடைய போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஆளாளுக்கு அழுகையும் சத்தமுமாக இருந்தது. சார் எழுந்து நின்றார்.

"ஆளாளுக்குப் பேசினா அங்க இருக்கவனுக்குத்தான் ஆபத்து. வீட்டில தீப்பிடிச்சிருக்கும்போ நிண்ணு ஓட்டெடுத்துட்டு இருக்கப்படாது. மூணு பேருட்ட பொறுப்பக் குடுங்க. அவிய சொன்னா ஊரு கேக்கணும்."

சார், வள்ள முதலாளி கிளீட்டஸ் அண்ணன், பங்குப் பேரவையிலிருந்து அதிகம் பேசாத ஒரு பெரியவர் என்று மூன்று பேரைச் சேர்த்து ஓர் அவசரக் கமிட்டி போட்டார்கள். தீர்மானத்தைச் சாரே எழுதி மைக்கில் வாசித்தார். கமிட்டியைக் கேட்காமல் எந்த வீட்டாரும் பத்திரிகையிடமோ போலீசிடமோ கோர்ட்டுக்கோ போகக்கூடாது. கமிட்டியில் உள்ள மூவரில் ஒருவர்தான் மணியடித்துக் கூட்டம் கூட்டலாம், வேறு யாரும் கூட்டக்கூடாது. இது நிலைமை சரியாகும் வரை. எல்லாக் கையும் உயர்ந்தது. குருசடி ஓரத்தில் நின்ற பெண்களும் ஓட்டு இல்லாமலே கையைத் தூக்கினோம்.

அந்தக் கமிட்டி நன்றாகவே வேலை செய்தது. அதை மறைத்து எழுதினால் சார் என்னை மன்னிக்க மாட்டார். யார் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று அவர் வீடு வீடாக வந்து கேட்டார். கலெக்டர் ஆபீசில் காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அலுத்துப்போய் அதிகாரிகளே அவரை உள்ளே கூப்பிட்டார்கள் என்று கிளீட்டஸ் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். ஆட்கள் ஒவ்வொரு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவர்களுக்குக் கடப்புறத்தில் வெடி போட்டோம். பிறகு சண்டையும் நின்றது.

அப்பா மட்டும் வரவில்லை. அவருடைய லாஞ்சு வேறொரு துறைமுகத்தில் இருந்தது. சண்டையில் தொழில் நடக்காமல் நட்டப்பட்டதாகவும், சீசன் முடித்துத் தந்தால்தான் பாஸ்போர்ட் தருவதாகவும் அந்த அரபி சொல்லிவிட்டார். அப்பாவோடு இன்னும் சிலர் அதே லாஞ்சில் இருந்தார்கள்.

கமிட்டியும் அப்படியே இருந்தது. அரபிகளுக்குத் தெரிந்துவிடும் என்று முதலில் வீடியோவைத் தடுத்தார்கள். துக்க காலம் என்று மைக்கில் பாட்டுப் போடுவதைத் தடுத்தார்கள். ஊரில் கட்டுப்பாடு வேண்டும் என்று சாயங்கால வாலிபாலை நிறுத்தினார்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தைக் கிளீட்டஸ் அண்ணனின் ஷெட் பக்கம் மாற்றினார்கள். "அரபிக்கும் அங்க நடக்குத சண்டைக்கும் நம்ம வாலிபாலுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?" என்று கேட்ட ஒருவரிடம், "நிலைமை சரியாவட்டும்ல லேய்" என்றார் கிளீட்டஸ் அண்ணன். யார் என்ன கேட்டாலும் பதில் அதுதான். இதிலெல்லாம் சாருக்கு விருப்பம் இல்லை. ஆனால் மூன்று பேரில் இரண்டு பேர் எப்போதும் ஒரு பக்கம் இருந்தார்கள். வெளியே காட்டிக்கொண்டால் ஒற்றுமை கெடும் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

குழித்துறையில் ஒரு வக்கீல், உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். அதற்குக் கமிட்டியின் அனுமதி கேட்டு அம்மா சார் வீட்டுக்குப் போனார். நானும் போய்க் கதவோரம் நின்றேன். கிளீட்டஸ் அண்ணனும் அங்கே இருந்தார்.

"ஒரு வாரம் பொறு மேரி" என்றார் சார்.

"வாரா வாரம் இதத்தான் சொல்லுதிய."

"கேசு போட்டா அரபி வெறைச்சு நிப்பான்" என்றார் கிளீட்டஸ் அண்ணன். "பாஸ்போர்ட்டு அவனுக்க கையில. கடலுக்க நடுவில வச்சு என்னமாம் செய்தாம்ணா யாரு கேக்கப் போறா? ஒனக்க மாப்பிளைக்க நல்லதுக்குத்தான் நான் சொல்லுதேன்."

"எனக்க மாப்பிளைக்க காரியத்த எனக்குத் தெரியும் அண்ணே."

"இது சண்டைக்காலம் மேரி" என்றார் சார். "இப்ப ஊரு ஒரே குரல்ல நிக்கணும்."

அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். மீன் விற்கும்போது யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அப்படித்தான் செருகுவார். "சண்ட போட்டவன் ரெண்டு பேரும் கைகுடுத்து வீட்டுக்குப் போயாச்சு. டிவியில நானும் பாத்தேன். ஒங்க சண்ட எப்பளாக்கும் தீரும் சார்?"

கிளீட்டஸ் அண்ணன், "அத நாங்க சொல்லுவோம்" என்றார்.

சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரை வந்து, "போயிட்டு வா மேரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் அவர் கமிட்டியைக் கலைக்கச் சொல்லி மற்ற இருவரிடமும் பேசினார் என்று பின்னால் தெரிந்தது. அவர்கள் சம்மதிக்கவில்லை. அவர் விலகினாலும் பயனில்லை. ஒருவர் விலகினால் மற்றவர்கள் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். ஊர்க்கூட்டம்தான் கலைக்க முடியும். ஊர்க்கூட்டத்தைக் கமிட்டியில் உள்ள ஒருவர்தான் கூட்ட முடியும்.

சனிக்கிழமை மதியம் அவசர மணி அடித்தது.

நான் அப்போது குழாயடியில் குடத்தோடு நின்றேன். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாரும் ஓடினார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே, வெளியே போன வள்ளங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஓடினார்கள். கோயில் முற்றத்துக்கு வந்தால் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சார் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எந்த வள்ளம் சார்?" என்று பலர் ஒரே சமயம் கேட்டார்கள்.

"ஒரு வள்ளமும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கா."

"பிறவு எதுக்கு அடிச்சிய?"

"கமிட்டியக் கலைக்கணும். அதுக்குக் கூட்டம்."

கூட்டத்துக்கு வந்த கோபம் கொஞ்சம் அல்ல. மகன் கடலில் இருந்த ஒரு பெண் அப்படியே மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். "கெழட்டு வயசில விளையாட்டா?" என்று ஒருவர் சாரின் சட்டையைப் பிடிக்கப் போனார். கிளீட்டஸ் அண்ணன்தான் குறுக்கே வந்து தடுத்தார். தடுத்துவிட்டு அவரும் திட்டினார். "சரி, கூட்டம் கூடியாச்சுல்லா. கேளும். இப்பளே ஓட்டெடும். இந்த ஊரு ஒமக்குக் கை தூக்குதாண்ணு பாப்போம்."

சார் கயிற்றை விட்டுவிட்டு நடுவில் வந்தார்.

"இல்ல கிளீட்டஸ். இப்ப ஓட்டு வேண்டாம். எல்லாருக்கும் நெஞ்சு அடிச்சிட்டு இருக்கு. எனக்கும் அடிக்குது. அன்னைக்கும் இப்பிடித்தான் அடிச்சுது. நான் என்ன கேட்டாலும் குடுத்துப்போட்டிய. பேடிச்சு நிக்குத மனுசன்ட்ட அதிகாரம் கேக்கப்படாது, குடுத்தத எடுத்துப்போடவும் கேக்கப்படாது. வீட்டுக்குப் போங்க. கஞ்சி குடிங்க. நல்லா ஒறங்குங்க. நாளைக்குப் பூசை முடிஞ்ச பிறவு பேசுவோம்." போகத் திரும்பியவர்களிடம் இன்னொன்றும் சொன்னார். "நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு. ஆணோ பெண்ணோ, யாரு வேணும்ணாலும். வளைகுடாவில இருந்து ஆளு இன்னும் வராத வீட்டுக்காரங்க முன்னால இருக்கணும்."

பெண் உட்காருவதா என்று முணுமுணுப்பு எழுந்தது. கூட்டத்தைக் கூட்டியவர் சொல்வதுதான் அன்றைய ஒழுங்கு என்று அந்தத் தீர்மானத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவர் கூட்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னைப் போகச் சொன்னார்.

"நான் வந்தா கிளீட்டசுக்க வாய்க்கு எனக்க வாய் பதில் சொல்லும். காரியம் கெட்டுப்போவும். ஒனக்குத்தான் வாயே இல்லியே. நீ போ. கையத் தூக்க வாய் வேண்டாம்."

முதல் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி அப்பாவின் லாஞ்சில் இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள். எங்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும். என் முதுகில் எல்லாருடைய கண்களும் இருப்பதுபோல் இருந்தது. நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசினார். "பழைய ரோமாபுரியில சண்ட வந்தா ஒருத்தன்ட்ட முழு அதிகாரத்தையும் குடுப்பாவ."

"போப்பாண்டவருட்டயா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவருக்கும் முந்தி லேய், இரி. முழு அதிகாரமும் குடுப்பாவ. ஆனா ஆறு மாசம்தான். அதுக்கு மேல கெடையாது. அவசரத்துக்கு வாற சட்டம், அது சாவுத நாளையும் சட்டைப்பையில கொண்டு வரணும்ணு நான் முப்பது வருசம் பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுத்தேன். பரீட்சையில அத எழுதாதவனுக்கு மார்க் கொறைச்சேன். எனக்க ஊருக்கு எழுதும்போ நான் என்ன எழுதினேன்? நிலைமை சரியாகும் வரைண்ணு எழுதினேன். சரியாச்சுண்ணு யாரு சொல்லணும்ணு எழுதல. நாங்களே சொல்லணும்ணு ஆயிப்போச்சு. சொல்லுவோமா?"

சிலர் சிரித்தார்கள். கிளீட்டஸ் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, கேஸ் போட்டால் லாஞ்சில் இருப்பவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று மறுபடி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்தார். அது சாருக்கும் தெரியும். "ஆபத்து வரலாம். இல்லேண்ணு நான் சொல்லல" என்றார் சார். "அந்த ஆபத்து யாருக்க வீட்டு ஆபத்தோ, அந்த வீட்டுக்காரங்க தீர்மானிக்கட்டும். நாம கூட நிப்போம்."

கமிட்டி இன்றோடு முடிய வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பங்குத்தந்தை. நான் தலையை நிமிர்த்தாமலே கையைத் தூக்கினேன். இறக்கவே இல்லை. எண்ணி முடித்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கமிட்டி முடிந்தது. இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். இனி ஊரில் என்ன அவசரம் வந்தாலும், அதற்காகக் கொடுக்கும் அதிகாரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு தானாக முடிந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி எழுந்து நின்று கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் இல்லை.

கூட்டம் கலைந்தபோது சார் என்னிடம் வந்தார். அவர் கை தூக்காததை நான் பார்த்திருந்தேன். அதைக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது.

"எனக்க காரியத்தில எனக்கு ஓட்டு கெடையாது மக்கா. கலைக்கவேண்டிய கமிட்டியில நானும் உண்டும்லா" என்றார். பிறகு, "எனக்கு எதிரா ஒருத்தி இவ்வளவு நேரம் கையத் தூக்கி வச்சிருந்தத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சிரித்தார்.

அடுத்த நாளே அம்மா கையெழுத்துப் போட்டார். கூட வந்து சாட்சி நின்றவர் சார். இது சண்டைக்காலத்து விவகாரம், வெளிநாட்டு விவகாரம், இதில் கோர்ட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று அரசுத் தரப்பில் கேட்டதாக வக்கீல் வந்து சொன்னார். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானும் இதே வசனத்தத்தான் மேரி, ஒன்ட்ட சொன்னேன். கவர்மெண்டு மட்டும்தான் இப்பிடிப் பேசும்ணு இவ்வளவு நாளும் நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். "பரவாயில்ல சார், நீங்க வாயத் தொறந்து ஒத்துக்கிட்டிய. அவிய ஒத்துக்கட்டும் பாப்போம்" என்றார் அம்மா. நீதிபதி மனுவைத் தள்ளிவிடவில்லை. அந்த ஆட்களைக் கொண்டுவர என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பதில் கேட்டார்.

அதன்பின் தூதரகத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு ஆள் போனது. அப்பாவின் போனுக்கு அவர்கள் அழைத்தார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் அப்பா வெளியே வந்தபோது ரொம்பவும் மெலிந்திருந்தார். அம்மா எவ்வளவோ திட்டுவதற்கு வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

மனுவினால் வந்தாரா, அந்த அரபிக்கே மனம் மாறியதா என்று எங்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. சாரிடம் அப்பா அதைக் கேட்டார். "தெரியாது சூசை. ஆனா நாம கேட்டோம், அவிய பதில் சொன்னாவ. அடுத்த தடவ கேக்குதவனுக்கு வழி கொஞ்சம் லேசா இருக்கும்" என்றார் சார்.

அப்படிக் கேட்கும் முறை அடுத்து ஊருக்குள்ளேயே வந்தது. இந்த வருடம் வலைத் தகராறில் பக்கத்து ஊரோடு மோதல் வந்தது. கல்வீச்சு நடந்து, போலீஸ் வந்து, மணியும் அடித்தது. பேச்சுவார்த்தைக்கு அதிகாரம் கொடுத்து ஊர் தேர்ந்தெடுத்த ஆள் கிளீட்டஸ் அண்ணன். அவர் அந்த வாரம் முழுவதும் ஓடியாடிச் சமாதானம் பேசினார். இரண்டு பக்கத்து இளைஞர்களையும் அடக்கி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்றார். முகத்தில் விருப்பமே இல்லை.

"கேக்கணும்ணு ரூல் இருக்கு. கேக்கேன். எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணுமா, வேண்டாமா?"

"நீங்கதான் சமாதானம் ஆக்கிட்டியளே அண்ணே. போதும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கிளீட்டஸ் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி. அப்ப நான் எனக்க தொழிலப் பாக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்த சார் எழுந்து முன்னால் போய், எல்லாரும் பார்க்க அவருக்குக் கைகொடுத்தார். பெரிய புத்தகங்களில் படித்தபோது கிடைக்காத சந்தோசம் அன்றைக்குக் கிடைத்தது என்று அப்பாவிடம் சொன்னாராம்.

அதற்குப் பிறகு சார் அதிக நாள் இருக்கவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலையில் அடக்கம் நடந்தது. பெட்டியை ஒரு பக்கம் கிளீட்டஸ் அண்ணனும் மறுபக்கம் என் அப்பாவும் தோளில் ஏந்தினார்கள். சாரின் மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். வக்கீல்கள், அதிகாரிகள், ஒரு போலீஸ்காரர்கூட இருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்தபின், ஊர்ப் பெரியவர் ஒருவர், "சாருக்கு மரியாதையா ஒரு வாரம் ஒருத்தரும் தொழிலுக்குப் போவாண்டாம்" என்றார். இறந்தவருக்கு அடக்கம் வரைக்கும்தான் கடலுக்குப் போகாமல் இருப்பது வழக்கம். இருந்தாலும் அந்த நேரத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம். பலர் சரி என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கிளீட்டஸ் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப எல்லாரும் அழுதுட்டு நிக்கோம். இப்ப தீர்மானம் போடாண்டாம். வேணும்ணா ஞாயிற்றுக்கிழமை கேளுங்க."

"இல்லேண்ணா அவரு எழும்பி வந்து கேப்பாரு, யாருட்ட கேட்டுத் தீர்மானம் போட்டியண்ணு" என்றார் அம்மா. அழுகையோடு அழுகையாகச் சிலர் சிரித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் நான் கடப்புறத்தில் நின்றேன். வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. அப்பா மற்றவர்களோடு சேர்ந்து தள்ளிவிட்டு, அலை தூக்கும்போது தாவி ஏறினார். பாஸ்போர்ட்டோ போனோ, அவர் யாரிடமும் எதையும் ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை. மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஊர் தொழிலுக்குப் போயிருக்கிறது, சார். நீங்கள் இளைப்பாறுங்கள்.